இனாமாக வந்ததன் கூலி: மயிலிட்டி முகாம்களிலிருந்து ரொறன்ரோவின் பழம்பொருட்கடைகள் வரை

மயிலிட்டியைப் பழம்பொருட்கடைகளோடு சேர்த்து எவரும் நினைப்பதில்லை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே வலிகாமம் வடக்கின் கரையில் உள்ள துறைமுக ஊர் அது. போருக்கு முன்பு இலங்கையின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக இருந்தது. 1990 ஜூன் நடுப்பகுதியில் ஊர் முழுவதும் எழும்பிப் போனது. இராணுவத்தின் பலாலி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3ஆம் திகதிதான் மக்களிடம் திரும்பின. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் ஒரு பகுதியார் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். இன்னொரு பகுதியார் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று போய்ச் சேர்ந்தார்கள். முகாமில் இருந்தவர்கள் மற்றவர் கொடுத்த உடுப்பை வாங்கும் பக்கத்தில் நின்றார்கள். குளிர்நாட்டுக்குப் போனவர்களோ அதே உடுப்பு சேகரிக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, விலை ஒட்டப்படும் நாடுகளில் வாழத் தொடங்கினார்கள். வந்த புதிதில் குளிருக்கு ஒரு கோட்டு வாங்கப் பலர் நுழைவது அங்குள்ள பழம்பொருட் சங்கிலிக்கடைகளில்தான். புதுக் குடியேறிகள் பலருக்கு முதல் வேலை கிடைக்கும் இடங்களுள் அந்தக் கடையும் ஒன்று.

அந்தக் கடையின் வேலையைப் பற்றியது இக்கட்டுரை. இனாமாக வந்த பொருள் தானாக விற்பனைப் பொருளாகிவிடுவதில்லை. அதைப் பார்த்து, மோந்து, தடவி, பிரித்து, விலை சொல்லும் கைகள்தான் அதைப் பொருளாக்குகின்றன. பொருள் தொண்டின் பெயரால் வருவதால் அந்தக் கைகளின் கூலியும் தொண்டுக்குள் கரைந்துபோகிறது. மேற்குலகின் பழம்பொருட்கடைத் தொழிலில் கடந்த நூற்றாண்டில் எழுந்த சச்சரவுகள் பலவற்றை இந்த ஒரு முடிச்சிலிருந்தே அவிழ்க்கலாம்.

முகாமுக்கு வந்த பொதி

கோணப்புலம், நீதவான், சபாபதிப்பிள்ளை, கண்ணகி என்ற பெயர்களில் மல்லாகம், சுன்னாகம் பக்கங்களில் இருந்த முகாம்கள் வலிகாமம் வடக்கு மக்களின் இரண்டாவது ஊர்களாயின. அங்கு உலருணவு நிவாரணம் அட்டைக்கு வந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்றால் அரிசி, மா, சீனி, பருப்பு நிறுத்துக் கொடுப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இருந்தபடியால் அது உரிமையைப் போலத் தோன்றியது. உடுப்பு வரும் விதம் வேறு. பழைய உடுப்புப் பொதியில் எது இருக்கும், எந்த அளவில் இருக்கும், யாருக்குப் பொருந்தும் என்பது அவிழ்த்துப் பார்த்த பின்புதான் தெரியும். அரிசியைப் பங்கிடத் தராசு போதும். உடுப்பைப் பங்கிட மனிதத் தீர்ப்பு வேண்டும்.

யாழ்ப்பாணச் சமூகத்தில் பழந்துணிக்கு இரண்டு முகங்கள். வீட்டுக்குள் அது அன்பு. அம்மம்மாவின் பழஞ்சீலை பேரப்பிள்ளைக்கு ஏணையாகும். பிறந்த குழந்தைக்கு முதலில் போர்த்துவது பலமுறை தோய்த்து மெதுமெதுத்துப்போன பழந்துணிதான். அப்புவின் வேட்டி கிழிந்தால் விளக்குத் திரியாகும், புண்ணுக்குக் கட்டாகும். வீட்டு வாசலைத் தாண்டினால் அதே துணி வேறொன்றைச் சொல்லும். செத்தவீட்டு உடுப்பு துணி வெளுக்கும் கட்டாடியாருக்குப் போகும். பெரிய வீட்டில் கழித்தது குடிமைத் தொழில் செய்பவருக்குப் போகும். ஒருவர் உடுத்துக் கழித்ததை இன்னொருவர் கைநீட்டி வாங்குவது, சாதிப் படியில் வாங்குபவர் நிற்கும் இடத்தை ஊருக்கு அறிவிக்கும் செயலாக இருந்தது. துடக்கு, அதாவது தீட்டு, என்ற எண்ணமும் இதோடு பின்னியிருந்தது. கடலை நம்பி எவரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்த ஒரு சமூகம் முன்பின் தெரியாதவரின் உடுப்பை வாங்க நேர்ந்தபோது உண்டான கூச்சத்துக்கு இந்தப் பின்னணி உண்டு.

இதே கூச்சத்தைப் பாக்குநீரிணையின் மறுகரை 2004 டிசம்பர் 26க்குப் பிந்திய நாட்களில் பார்த்தது. ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்த நாகப்பட்டினக் கரைக்கு இந்தியா முழுவதிலிருந்தும் லொறி லொறியாகப் பழந்துணி வந்திறங்கியது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கிழிந்ததும் அழுக்கானதும், அந்தக் கடற்கரை வெயிலுக்கு ஒருநாளும் உதவாத கம்பளி உடுப்பும் தெருவோரம் குவிந்து கிடந்தன. கொடுத்தவர்கள் ‘நன்றி கெட்டவர்கள்’ என்றார்கள். வாங்க மறுத்தவர்களோ தங்கள் வீட்டுக் குப்பையை எங்கள் வாசலில் கொட்டுகிறார்கள் என்று எண்ணினார்கள். டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலை ஏற்றுத் துவைத்துப் பிரித்தது. உடுக்கத் தகுந்ததை உடுப்பாக்கி, உதவாத பருத்தித் துணியை மாதவிடாய்த் துணியாகவும் வேறு பண்டங்களாகவும் மாற்றும் முறையை அது வளர்த்தெடுத்தது. 2015இல் குப்தாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. நாகப்பட்டினத்துத் தெருவில் குப்பையாகக் கிடந்ததும் பிறகு பயன்பட்டதும் ஒரே துணிதான். நடுவில் புகுந்தது பிரிக்கும் உழைப்பு மட்டுமே.

மூன்று தொடக்கங்கள்

இந்த உழைப்பைச் சுற்றித்தான் சங்கிலிக்கடைகள் எழுந்தன. 1865இல் லண்டனில் தொடங்கி 1883இலேயே இலங்கைக்கும் வந்துவிட்ட இரட்சணிய சேனை, 1890களில் இங்கிலாந்து நகரங்களில் வேலையற்றவர்களைக் கொண்டு வீடுகளின் கழிபொருளைச் சேகரித்துச் சீர்செய்து விற்கத் தொடங்கியது. 1902இல் பொஸ்ரன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்த போதகர் வசதியான வீடுகளில் பழைய உடுப்பும் தளபாடமும் திரட்டினார். அவற்றை ஏழைகளுக்கு அப்படியே பங்கிடாமல், அந்த ஏழைக் குடியேறிகளையே வேலைக்கு வைத்துத் திருத்தி விற்று, அந்தக் காசில் அவர்களுக்குக் கூலி கொடுத்தார். அதுதான் குட்வில். கையேந்த விடாமல் வேலை கொடுப்பது என்பதே அதன் மூலக் கொள்கை. ஆகவே வேலை என்பது அந்நிறுவனத்துக்கு வருமானம் தேடும் வழி மட்டுமல்ல, அறத்தின் மையமும் அதுவே. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவற்றின் கனம் விளங்கும்.

பிரித்தானியாவில் ஒக்ஸ்பாம் தன் முதல் நிரந்தரக் கடையை 1947இன் இறுதியில் ஒக்ஸ்போர்ட் நகரின் புரோட் வீதியில் திறந்தது. போரால் நலிந்த ஐரோப்பாவுக்கென்று மக்கள் கொடுத்த பொருட்கள் அளவுக்கு மிஞ்சி வந்ததால் அவற்றை விற்றுக் காசாக்கலாம் என்ற யோசனை பிறந்தது. 1949இல் ஜோ மிற்றி என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். கடையை ஒரு தொழிலாக நடத்தக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஆனால் அந்த மரபில் சம்பளம் மேலாளருக்குத்தான். மற்றக் கைகள் தொண்டர்களுடையவை.

மூன்றாவது வழி நேரடி வணிகம். 1954இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் எலிசன் தொடங்கிய சேவர்ஸ் நிறுவனம் 1980இல் வன்கூவரில் கனடாவுக்குள் நுழைந்தது. ரொறன்ரோத் தமிழருக்கு நன்கு தெரிந்த ‘வெல்யூ வில்லேஜ்’ கடை இதனுடையதே. தொண்டு நிறுவனங்கள் திரட்டும் உடுப்பை இறாத்தல் கணக்கில் காசு கொடுத்து வாங்கி இலாபத்துக்கு விற்கும் நிறுவனம் இது. 2023 ஜூனில் நியூயோர்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கடைகள் இதற்கு உண்டு.

வாங்க வருபவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். கம்பித் தூக்கிகளில் நிறவாரியாகச் சட்டைகள், தட்டுகளில் கோப்பைகள், ஒரு மூலையில் புத்தகங்கள். வேறுபாடு பின்கட்டில் இருப்பவரின் சம்பளச் சீட்டில்தான் தெரியும்.

பின்கட்டு

கடையின் உயிர் முன்புறக் காசுமேசையில் இல்லை; பின்கதவில் இருக்கிறது. கொடுப்பவர்கள் கறுப்புக் குப்பைப் பைகளில் கொண்டுவந்து தருவார்கள். வீடு மாறும் மாத முடிவிலும், நத்தார் முடிந்த வாரங்களிலும், வசந்தகாலத்தில் வீடு ஒதுக்கும்போதும் பைகள் மலையாகும். பனிக்காலத்தில் அந்தக் கதவு திறந்து திறந்து மூடப்படுவதால் அங்கு நிற்பவருக்கு நாள் முழுவதும் குளிர். பைக்குள் தோய்த்து மடித்த சட்டையும் இருக்கும்; பூஞ்சணம் பிடித்த துவாயும், உடைந்த கண்ணாடியும், மருந்துப் போத்தலும், சில வேளை ஊசியும் இருக்கும். கையுறை இல்லாமல் கை விடக்கூடாது என்பது முதல் நாளிலேயே சொல்லப்படும் பாடம்.

அடுத்தது தரம்பிரிக்கும் மேசை. ஒரு சட்டைக்குக் கிடைப்பது சில வினாடிகள். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் அழுக்குக் கோடு, கக்கத்தில் மஞ்சள் கறை, இழுவைப்பூட்டு ஓடுகிறதா, பொத்தான் குறைகிறதா, முழங்கையில் துணி மெலிந்துவிட்டதா, சிகரெட் மணமா, வீட்டு விலங்கின் மயிரா என்றெல்லாம் கண்ணும் விரலும் மூக்கும் ஒரே நேரத்தில் பார்க்கும். பிறகு உட்பட்டியில் எந்த நிறுவனம், என்ன துணி என்று பார்க்கவேண்டும். பருத்தியா பொலியெஸ்ரரா என்பதைப் பழகிய விரல் பட்டியைப் பார்க்காமலே சொல்லும். அந்தப் பார்வை முடியும்போது முடிவும் ஆகிவிட வேண்டும்: தூக்கியிலா, பொதியிலா, குப்பையிலா. தூக்கிக்குப் போவதென்றால் என்ன விலை என்பதும் அப்போதே.

விலை கூடினால் விற்காது. குறைந்தால் அதைப் பக்கத்து வீதியில் அல்லது இணையத்தில் மறுவிற்பனை செய்பவர் அள்ளிக்கொண்டு போவார். மயிலிட்டிக் கரையில் மீன் இறங்கும்போது இனத்தையும் பருமனையும் பார்த்துக் கூறு போட்டு, கண்மதிப்பில் விலை கூறுவதை ஒத்த திறமை இது. கரையில் அந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு. பழம்பொருட்கடையில் இதைத் தேர்ச்சியில்லா வேலை என்று வகைப்படுத்திச் சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த சம்பளத்தையோ அதற்குச் சற்று மேலேயோ கொடுப்பது வழக்கம்.

வேகத்துக்கும் இலக்கு உண்டு. மணிக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று ஒவ்வொருவரும் தொங்கவிடும் உருப்படிகள் எண்ணப்படும். ஒவ்வொரு வாரமும் விலைச்சீட்டின் நிறம் மாறும். எந்த நிறம் எத்தனை வாரமாகத் தொங்குகிறது என்பதை வைத்துப் பழையதற்கு விலை குறைப்பார்கள். அதற்கும் போகாவிட்டால் கழற்றிவிடுவார்கள். நான்கைந்து வாரங்களில் ஒரு தூக்கி முழுவதும் புதிதாகிவிடும். காலையில் தொங்கவிட்ட கையே இன்னொரு நாள் அதைக் கழற்றிப் பொதிக்குள் தள்ளும். தோளும் மணிக்கட்டும் நாரியும் நோவது இந்த ஓயாத சுழற்சியால்தான். துணித்தூசியும் நாள் முழுவதும் மூச்சோடு போகும்.

வேலையின் இன்னொரு பாரம் மனதில் விழுவது. இறந்துபோன ஒருவரின் அலுமாரி முழுவதும் ஒரே நாளில் வந்திறங்கும். படச்சட்டத்துக்குள் படமும் அப்படியே இருக்கும். கொண்டுவந்த பிள்ளை பின்கதவில் நின்று அழுவதும் உண்டு. பிரித்தானிய ஆய்வாளர்களான நிக்கி கிரெக்சனும் லூயிஸ் குரூவும் 2003இல் வெளியிட்ட நூலில், பழைய உடுப்பை விற்பனைக்குரியதாக்குவதற்கு முந்திய உடலின் தடயத்தை அதிலிருந்து நீக்கவேண்டியிருப்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மணமும் கறையும் சுருக்கமும் போனபின்தான் வாங்குபவருக்கு அது தன் உடுப்பாகும். நம் ஊரில் துடக்கு என்று சொல்லி விலகிய அதே தடயத்தை அங்கே ஒரு தொழிலாளி கூலிக்கு அகற்றுகிறார். முன்பு கட்டாடியார் செய்த வேலையின் பெரும்பகுதி இப்படி ஆலைத்தன்மை பெற்றுவிட்டது.

பல சங்கிலிகளில் தரம்பிரிப்பவர் தான் கண்டெடுத்த நல்ல பொருளைத் தானே உடனே வாங்க முடியாது. அது முதலில் கடைத் தளத்துக்குப் போய்க் குறித்த நேரம் அங்கே இருக்கவேண்டும். திருட்டையும் ஓரவஞ்சனையையும் தடுக்கும் நியாயமான விதிதான். மிகச் சிறந்தவை தளத்துக்கே வருவதில்லை. 1999இல் கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் மாவட்டக் குட்வில் கிளை தொடங்கிய இணைய ஏலத்தளத்தின் வழியே நகைகளும் கைக்கடிகாரங்களும் ஓவியங்களும் நாடு முழுவதற்கும் ஏலம் போகின்றன. எந்தப் பொருள் அங்கே போகவேண்டும் என்று முதலில் கண்டுபிடிப்பதும் பின்கட்டுக் கண்தான்.

தொண்டு என்னும் திரை

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான தொழில் தராதரச் சட்டத்தில் 14(சி) என்றொரு பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விடக் குறைவாகக் கொடுக்க, உரிமச் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு அது இடம் தருகிறது. அவர்களுக்கு வேலைக்கதவைத் திறப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட பிரிவு. குட்வில்லின் சில கிளைகள் அதைப் பயன்படுத்தின. 2013இல் பென்சில்வேனியாவில் ஒரு கிளை சிலருக்கு மணிக்கு 22 சதம் மட்டுமே கொடுத்த செய்தி அரச ஆவணங்களின் வழியே வெளிவந்து பெரும் கண்டனத்தை எழுப்பியது. வேலை கொடுப்பதே அறம் என்று 1902இல் தொடங்கிய ஒரு மரபு, வேலை கொடுப்பதே போதும், கூலி இரண்டாம் பட்சம் என்ற இடத்துக்கு வழுக்கிப் போக வழி இருந்தது என்பதை இது காட்டியது.

பிரித்தானியாவில் ஏறத்தாழ 10,000 தொண்டுக்கடைகள் உள்ளன. அவற்றில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் பெறாத தொண்டர்கள். ஓய்வுபெற்றவருக்கும் தனிமையில் வாடுபவருக்கும் அது பொழுதும் தோழமையும் தரும் இடம். ஆனால் அந்தத் தொண்டர் வரிசையில் வேறொரு வகையினரும் உண்டு. பிரித்தானியாவில் தஞ்சம் கோரியவர், முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் பொதுவாகச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பன்னிரண்டு மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம். அதுவும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும். தொண்டு நிறுவனத்தில் தொண்டராக இருக்கத் தடையில்லை. ஆகவே மொழி பழகவும், மனிதமுகம் பார்க்கவும், பிறகு காட்ட ஒரு நற்சான்றுக் கடிதம் பெறவும் தொண்டுக்கடை வழி திறக்கிறது. ஈழத்திலிருந்து தஞ்சம் கோரிப் போனவர்களும் இதே சட்டத்துக்குள்தான் காத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விரும்பிக் கொடுக்கும் நேரமும், வேறு வழி அடைபட்ட இளைஞர் ஒருவர் கொடுக்கும் நேரமும் ஒரே பட்டியலில் ‘தொண்டு’ என்று பதிவாகின்றன. இரண்டையும் ஒன்றென்று கொள்வது நேர்மையாகாது.

சம்பளம் பெறுபவர்களின் நிலையும் பேசுபொருளானது. 2023 டிசம்பரில் ஒக்ஸ்பாமின் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்பது ஆண்டு கடந்த அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். உலக வறுமையை ஒழிக்கப் பாடுபடும் அமைப்பின் ஊழியர்கள் தங்கள் வறுமையைச் சொல்லித் தெருவில் நிற்கவேண்டி வந்தது.

இலாப நிறுவனங்களைப் பொறுத்தவரை வழக்கு வேறுவிதமாக வந்தது. தங்கள் கடையில் வாங்கினால் தொண்டுக்கு உதவியாகும் என்ற தோற்றத்தைத் தந்து மக்களை ஏமாற்றியதாகச் சேவர்ஸ் மீது வொஷிங்ரன் மாநிலச் சட்டமா அதிபர் 2017இல் வழக்குத் தொடர்ந்தார். 2023 பெப்ரவரியில் மாநில உச்சநீதிமன்றம் பேச்சுரிமையை முன்வைத்து நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன், 2015இல் மினசோட்டாவில் அதே நிறுவனம் தொண்டு அமைப்புகளுக்கு 18 இலட்சம் டொலர் கொடுத்து ஒரு சச்சரவைத் தீர்த்துக்கொண்டது. இந்த வழக்குகளில் வாதிடப்பட்டவை இரண்டு தரப்பின் நலன்கள்: பை கொடுப்பவர், காசு பெறும் தொண்டு அமைப்பு. பையைப் பிரித்தவரின் பங்கு கேள்வியாகவே எழவில்லை.

ரொறன்ரோ, 2016 ஜனவரி 17

இந்தத் தொழிலின் உள்கட்டுமானம் ஒரே நாளில் வெளியே தெரிந்தது ரொறன்ரோவில். அங்கே 1935இலிருந்து இயங்கிய குட்வில் நிறுவனம், அந்த ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலும் ஒன்ராறியோவின் வேறு நகரங்களிலும் இருந்த 16 கடைகளையும் 10 சேகரிப்பு நிலையங்களையும் ஒரேயடியாக மூடியது. வேலைக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைத்தான் கண்டார்கள். ஏறத்தாழ 430 பேர் வேலையிழந்தார்கள். மாற்றுத்திறனாளிகளும் புதுக் குடியேறிகளும் வேறெங்கும் எளிதில் வேலை கிடைக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே இருந்த நிறுவனம் அது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபுரோவிலும் அதன் கடைகள் இருந்தன. பணப்புழக்க நெருக்கடி என்று நிருவாகம் காரணம் சொன்னது. பெப்ரவரி 29இல் நிறுவனம் வங்குரோத்துக்குப் பதிந்தது.

பொருள் இனாமாக வரும் கடை எப்படி நொடிந்துபோகும் என்பது அப்போது பலர் கேட்ட கேள்வி. விடை எளிது. இனாமாக வருவது பை மட்டுமே. வாடகைக்கு, வாகனத்துக்கு, மின்சாரத்துக்கு, விற்காததைக் குப்பைக்கு அனுப்புவதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைகளுக்குக் காசு வேண்டும். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது மணிக்கு 11.25 டொலர். சில டொலருக்கு விற்கும் சட்டையில் அந்தச் சம்பளத்தை ஈட்ட ஒருவர் மணிக்கு எத்தனை சட்டை பிரிக்கவேண்டும் என்பதே இந்தத் தொழிலின் முழுக் கணக்கும். விலையை மிக உயர்த்த முடியாது, வாடகை ஏறும், மலிவுப் புது உடுப்பு பெருகப் பெருகக் கொடையாக வரும் உடுப்பின் தரமும் இறங்கும். நெகிழக்கூடியதாக மிஞ்சுவது கையின் வேகமும் கூலியும்தான். நெருக்கடி வரும்போதெல்லாம் நிருவாகத்தின் கண் அங்கே போவதற்குக் காரணம் இதுவே.

கதவு பூட்டிய பிறகும் மக்கள் பைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கொடுத்த மனம் கெட்டதல்ல. ஆனால் பிரிக்க ஆளில்லாத வாசலில் வைத்த பை, நாகப்பட்டினத் தெருவில் கிடந்த துணிக்குச் சமம்.

பொதியின் மீதிப் பயணம்

கடையில் விற்காத உடுப்பு இறாத்தல் கணக்கில் மொத்த வியாபாரிகளுக்குப் போகும். ரொறன்ரோவை அடுத்த மிசிசாகா, பழைய உடுப்பைத் தரம்பிரித்து ஏற்றுமதி செய்யும் வணிகத்தின் உலக மையங்களுள் ஒன்று. தெற்காசியப் பின்னணி கொண்ட குடும்பங்கள் இத்தொழிலில் அங்கு முன்னிற்பதை அடம் மின்ரர் 2019இல் எழுதிய நூல் விவரிக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை குஜராத்தின் காண்ட்லாவுக்குப் போகும். 1965இல் தொடங்கிய அந்த ஏற்றுமதி வலயத்தில் பெண்கள் மறுபடியும் பிரிப்பார்கள். உடுக்கத் தகுந்தது ஆபிரிக்காவுக்கு மறுஏற்றுமதியாகும். வெட்டிக் கந்தலாக்கிய கம்பளி அரியானாவின் பானிப்பட்டில் நூலாகிப் போர்வையாகும். பேரழிவு நிவாரணத்துக்கென மலிவாக வாங்கப்படும் போர்வைகளில் அந்த நகரத்து நெசவு நிறையவே உண்டு.

இன்னொரு கிளை நேரே ஆபிரிக்காவுக்கு. சாம்பியாவின் பழந்துணிச் சந்தையைப் பற்றிக் கரன் ட்ரான்பெர்க் ஹான்சன் 2000இல் எழுதிய ஆய்வு, அங்கு வாங்குபவர்கள் ஏமாந்த ஏழைகளல்லர், துணியறிந்து தேர்ந்தெடுத்துத் தங்கள் மோடிக்கு மாற்றித் தைத்துக்கொள்பவர்கள் என்று காட்டியது. அதே நேரம் கானாவின் அக்ரா நகரில் கன்டமன்டோ சந்தையில் ஏறத்தாழ ஐம்பது கிலோப் பொதியைக் கடன்பட்டு வாங்கும் சிறுவியாபாரிக்கு, அவிழ்க்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது. பாதி உதவாததென்றால் நட்டமும் அவருடையது. குப்பை கொட்டும் செலவு அந்த நகரத்தினுடையது. மேற்கே ஒரு மேசையில் அவசரத்தில் எடுத்த தீர்ப்பின் பிழை இப்படிக் கீழே கீழே இறங்கி, தாங்கும் சக்தி ஆகக் குறைந்தவரின் தலையில் போய் நிற்கிறது.

  

இச்சங்கிலியில் வட இலங்கைக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பின் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் ஏற்றுமதி உடுப்பு ஆலைகள் வந்தன. அங்கே வன்னிப் பெண்கள் இலக்கு வைத்துத் தைக்கும் உடுப்பு வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. சில பருவங்கள் உடுத்தபின் அங்கு பழம்பொருட்கடைக்குள் வருவதும் அத்தகைய உடுப்புத்தான். தைப்பதற்கும் மணிக்கணக்கு இலக்கு. பிரிப்பதற்கும் மணிக்கணக்கு இலக்கு. ஒரு சட்டை பிறக்கும் இடத்திலும் கழியும் இடத்திலும் அதைத் தொடும் கைகள் பெரும்பாலும் வறிய பெண்களுடையவை.

பங்கு

மீளக் குடியேறியவர்கள் மயிலிட்டியில் கண்ட வீடுகளில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, பல இடங்களில் சுவரும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டிய அந்த ஊருக்கு வெளிநாட்டு உறவுகளின் காசோடு பெட்டிகளும் வருகின்றன. கப்பலில் வரும் பெட்டிக்குள் உடுப்பும் சப்பாத்தும் பாடசாலைப் பையும் இருக்கும். உறவுக்குள் வருவதால் கூச்சமில்லை. இன்னாருக்கு இன்னது என்று அங்கேயே பெயர் எழுதி அனுப்புவதால் பிரிக்கும் வேலையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஊர்ச் சங்கங்கள் பொதுவாகத் திரட்டி அனுப்பும்போதுதான் பழைய பிரச்சினை திரும்ப எழும்: யார் பிரிப்பது, எந்த நேரத்தில், யார் செலவில்?

கரையோரத் தொழிலில் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. பிடிபாட்டைப் பங்கிடும்போது படகுக்கும் வலைக்கும் எரிபொருளுக்கும் கழித்தபின் கடலுக்குப் போனவர்களுக்குப் பங்கு உண்டு. மீன் கடலில் இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிடித்தவரின் உழைப்பையும் இனாமாக எவரும் கேட்பதில்லை. படகு முதலாளியான சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் பங்கின் அளவில் சண்டை வருவதுண்டு. பங்கு உண்டா என்பதில் சண்டை வருவதில்லை. பழம்பொருட்கடைத் தொழில் நூறாண்டு கடந்தும் இந்த இரண்டாவது கேள்வியிலேயே நிற்கிறது.

ஆகவே ஒரு பழம்பொருட்கடையோ நிவாரணத் திரட்டலோ நல்லதா கெட்டதா என்று மதிப்பிட, கொடுத்தவரின் மனதையும் வாங்கியவரின் நன்றியையும் அளந்து பயனில்லை. மேசையில் நிற்பவருக்கு என்ன கூலி, அவரது கண்ணுக்குத் தேர்ச்சி என்ற அங்கீகாரம் உண்டா, உதவாததைக் கழிக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்ற மூன்றையும் கேட்டால் போதும். குட்வில் ரொறன்ரோவில் பூட்டியபோது இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் பின்கட்டில் இருந்தார்கள். அவர்களிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பொருள் திரட்டும் சங்கங்கள் அடுத்த திரட்டலுக்கு முன் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரியாகத் தரம்பிரிப்பவரின் கூலியை எழுதிக்கொள்ளலாம். அந்த வரிக்குக் காசு இல்லையென்றால், பொருளைத் திரட்டாமல் காசைத் திரட்டி அனுப்புவதே ஊருக்குச் செய்யும் மரியாதை.